பெட்டி ஏன் பஞ்சு மாதிரி விழுகிறது? இலவச பிசிக்ஸ் இன்ஜின் கேள்வி-பதில்

கேள்வி: ஆட்டத்தில் பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடும் பிசிக்ஸ் இன்ஜினான பாக்ஸ்2டி-யில் ஈர்ப்பு 10 என்றுதான் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் பெட்டி பஞ்சு மாதிரி மிதந்து விழுகிறது. இன்ஜினில் பிழையா?

பதில்: இல்லை, அது சரியாகத்தான் கணக்குப் போடுகிறது. பிக்சலை அப்படியே மீட்டராகக் கொடுத்திருப்பீர்கள். 128 பிக்சல் பெட்டி அதற்கு 128 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 40 மாடிக் கட்டடம். தன் உயரத்துக்கு விழவே அதற்கு 5 விநாடி ஆகும். 64 பிக்சலுக்கு 1 மீட்டர் என்று மாற்றிப் பாருங்கள். அதே பெட்டி இப்போது 2 மீட்டர்தான், 0.6 விநாடியில் தரையில் இருக்கும். அசையும் பொருள்கள் 0.1 முதல் 10 மீட்டருக்குள் இருக்கும் என்று வைத்துத்தான் எரின் கேட்டோ இந்த இன்ஜினை உருவாக்கினார். ஈர்ப்பை 500, 1000 என்று ஏற்றிச் சமாளிக்கவே வேண்டாம். வேகம் சரியானதுபோலத் தெரியும், ஆனால் அடுக்கிய பெட்டிகள் நடுங்கத் தொடங்கும். கணக்கு முழுக்க மீட்டரில் இருக்கட்டும். திரையில் வரையும்போது மட்டும் 64-ஆல் பெருக்குங்கள்.

கேள்வி: குண்டு சுவரில் சரியாக மோதுகிறது. ஓடும் எதிரியை மட்டும் ஊடுருவிப் போகிறதே?

பதில்: இன்ஜின் 1/60 விநாடிக்கு ஒருமுறை கணக்குப் போடுகிறது என்றால், விநாடிக்கு 60 மீட்டர் போகும் குண்டு ஒவ்வொரு கணக்கிலும் 1 மீட்டர் தாவும். எதிரியின் அகலம் அரை மீட்டர் என்றால், முதல் கணக்கில் குண்டு அவனுக்கு முன்னால், அடுத்த கணக்கில் பின்னால். இடையில் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அசையாத சுவருக்கு பாக்ஸ்2டி தானாகவே அந்த இடைவெளியையும் சோதிக்கும். அசையும் இரண்டு பொருள்களுக்குள் அந்தச் சோதனை வேண்டுமென்றால் குண்டின் 'புல்லட்' அமைப்பை நீங்கள்தான் இயக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதீர்கள், பழைய போன்களில் ஆட்டம் திணறும்.

கேள்வி: ஆட்டம் உருவாக்கும் இலவச மென்பொருளான கோடோவில் 3டி ஆட்டம் செய்கிறேன். தனியாக இன்ஜின் தேட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கோடோ 4.4 பதிப்பு முதல் ஜோல்ட் என்ற 3டி பிசிக்ஸ் இன்ஜின் உள்ளேயே வருகிறது. யோரிட் ரூவே எழுதியது. 'ஹொரைஸன் ஃபர்பிடன் வெஸ்ட்' என்ற ஆட்டம் இதில்தான் ஓடுகிறது. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் 3டி பிசிக்ஸ் இன்ஜினாக அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கேள்வி: இலவச இன்ஜினில் செய்த ஆட்டத்தைக் காசுக்கு விற்கலாமா?

பதில்: தாராளமாக. பாக்ஸ்2டி, ஜோல்ட் இரண்டும் எம்ஐடி உரிமம் (இலவசமாகப் பயன்படுத்தவும் விற்கவும் விடும் உரிமம்), ராயல்டி கிடையாது. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் ஆட்டத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், பலர் மறப்பது அதைத்தான். 'நன்றி' திரையில் அப்படியே ஒட்டிவிடுங்கள்.