1690 என்று எழுதியிருந்தால் 1690இல் செய்ததா?

ஹட்டனிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "பங்களாவில் அப்புவாக (வேலைக்காரராக) இருந்த தாத்தாவுக்கு, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த பீங்கான் ஜக்கு இது. வெள்ளைக் குதிரையில் ஒருவர், கீழே 1690. புனிதர் சந்தியாகப்பர் என்று மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். உண்மையில் முந்நூறு வருடப் பொருளா? கறையை எப்படிப் போக்குவது?"

சந்தியாகப்பர் இல்லை டீச்சர். வெள்ளைக் குதிரையும் 1690உம் சேர்ந்து வந்தால் அது இங்கிலாந்து அரசர் மூன்றாம் வில்லியம். அயர்லாந்தின் பொய்ன் ஆற்றங்கரையில், கத்தோலிக்கரான சொந்த மாமனார் இரண்டாம் ஜேம்ஸையே தோற்கடித்த புரட்டஸ்தாந்து அரசர். அவர் போய் மாதா பக்கத்தில் நிற்கிறார்!

1690 சண்டை நடந்த வருடம். ஜக்கு செய்த வருடம் இல்லை. அவரைக் கொண்டாட 1795இல் தொடங்கிய ஒரேஞ்ச் சங்கம் இன்றும் ஜூலை 12இல் ஊர்வலம் போகிறது. கத்தோலிக்கரும் பாராளுமன்றத்தில் உட்காரலாம் என்று 1829இல் சட்டம் வந்தபோது கசப்பு இன்னும் முற்றியது. சண்டை சூடேறும்போதெல்லாம் குதிரைக்காரர் மறுபடி சூளைக்குள் போனார். குயவர்களுக்கு இரண்டு பக்கமும் வியாபாரம்தான்: இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் சூளைகளிலிருந்து அயர்லாந்தின் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓகொனெலின் பொம்மையும் வந்தது.

சரி, வயதைப் பார்ப்போம். ஒரு லென்ஸை குதிரையின் வயிற்றுக்கு நேரே பிடியுங்கள். நுண்ணிய கோடும் புள்ளியுமாகத் தெரிந்தால் அது தூரிகை வேலை இல்லை. செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் எடுத்து ஒட்டிய அச்சுப் படம். பீங்கானில் அந்த முறை பரவியது 1750களுக்குப் பிறகுதான். கைப்பிடி ஓரத்தில் தாள் சேர்ந்த இடம் சற்று விலகியிருக்கும். அப்புறம் அடியைத் திருப்புங்கள். இங்கிலாந்து என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா கேட்கத் தொடங்கிய காலம் அது.

கறைக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். சாம்பலோ பிளீச்சோ போட்டுத் தேய்த்தால் மினுங்கும் பூச்சு போய்விடும், திரும்ப வராது. வெடிப்பு இருந்தால் ஊறவும் வைக்காதீர்கள். ஜக்கில் தேசிக்காய்த் தண்ணீர் மட்டும் கரைக்க வேண்டாம். அந்தக் கால மெருகில் ஈயம் கலந்திருக்கும், புளிப்பு அதை இழுத்துவிடும்.

மாதா பக்கத்திலிருந்து எடுக்க வேண்டுமா என்றால், நானாக இருந்தால் எடுக்க மாட்டேன். மெழுகுதிரிப் புகை படாமல் அரை அடி தள்ளி மட்டும் வையுங்கள்.