தம்பியின் அலமாரியில் துப்பாக்கி: என்ன செய்யலாம்?

சகோதரி, வேலை போனபின் கலிபோர்னியாவில் உங்களுடன் இருக்கும் தம்பி தூங்குவதில்லை, "இருந்து என்ன பயன்" என்கிறார், அலமாரியில் துப்பாக்கி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே மனம் பதறுகிறது. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று இன்றே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அது புதிதாக முளைக்காது. அந்த வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தராது. "நீ தேறும்வரை இது வேறிடத்தில் இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கே ஒப்படைப்பது என்று காவல்துறையிடம் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். கையில் எடுத்துக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள். அதுவரை தோட்டாக்கள் தனியே பூட்டில், சாவி உங்களிடம். அவர் மறுத்தால், துப்பாக்கியை விலக்கிவைக்கும் ஆணை கேட்டு கலிபோர்னியாவில் 2016 முதல் குடும்பத்தாரே நீதிமன்றம் செல்லலாம், கட்டணம் இல்லை. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-இல் எந்நேரமும் ஆலோசகர் கிடைப்பார், உங்களுக்கும்தான். அவர் துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டால் வெளியேறி அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.