ஓர் ‘ஐ’ கூடினால் மன்னிப்பு

கேள்வி: ஆங்கிலத்தில் ‘வீனல்’ (venal), ‘வீனியல்’ (venial) இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதிரித் தேர்வில் மூன்று முறை மார்க்கை விட்டேன். நினைவில் நிற்க ஒரு வழி சொல்லுங்களேன். (வாசகி, மதுரை)

இந்தக் குழப்பம் எனக்கும் நேர்ந்திருக்கிறது. 1980களில் சென்னையில் ஓர் ஆங்கில வார இதழுக்கு ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுரையில், லஞ்சம் வாங்கிய அதிகாரிகளை ‘வீனல்’ என்று எழுதியிருந்தார்கள். சரியான சொல்தான். ஆனால் நான் தூத்துக்குடியில் கத்தோலிக்க ஞானோபதேச வகுப்பில் வளர்ந்தவள். சாவான பாவம், அற்பப் பாவம் என்று சொல்லிக்கொடுத்த சிஸ்டர், அற்பப் பாவத்துக்கு ஆங்கிலத்தில் ‘வீனியல் சின்’ என்பார்கள் என்றும் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, ‘என்’னுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவில் குறி போட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் ஓர் ‘ஐ’ எழுதினேன். இதழ் வெளிவந்தபோது, லஞ்சம் வாங்கியவர்கள் மன்னிக்கத் தக்கவர்களாகியிருந்தார்கள். கட்டுரை எழுதியவர் பல நாள் அலைந்து சேர்த்த விஷயம் அது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

‘வீனல்’ என்பதற்கு லத்தீனில் வேர், ‘விற்பனைக்கு’ என்று பொருள்படும் சொல். பத்திர ஆபீஸ் வாசலில் ஸ்டாம்ப் வெண்டர் இருப்பாரே, அந்த வெண்டரும் இதே வேரில் வந்தவர்தான். நாம் தமிழில் ‘விலைபோனவன்’ என்கிறோமே, அதேதான் வீனல். ‘வீனியல்’ வேறு குடும்பம். அதன் வேர் ‘வேனியா’. மன்னிப்பு என்று பொருள். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்லும் சில்லறைக் குற்றம், கைதவறி வந்த பிழை, இவைதான் வீனியல்.

ஒன்று செய்யுங்கள். நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்காதீர்கள். ஜோடியாகப் படித்தால் ஜோடியாகவே குழம்பும். இந்த வாரம் வீனலோடு மட்டும் பழகுங்கள், நாலு வாக்கியம் எழுதுங்கள். அது கைக்கு வந்த அப்புறம் மற்றதைத் தொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர்ப் பலகையில் ‘ஆர்ட்னன்ஸ்’ (ordnance) என்று இருக்கிறது. செய்தியில் அரசு பிறப்பிப்பதோ ‘ஆர்டினன்ஸ்’ (ordinance). பலகையில் எழுத்துப் பிழையா? (வாசகர், திருச்சி)

பிழை இல்லை. 1966-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் பெயரில் ‘ஐ’ இல்லாததுதான் சரி. நடுவில் ‘ஐ’ உள்ளது அவசரச் சட்டம். ஜனாதிபதிக்கு அரசியலமைப்பின் 123-ஆம் பிரிவும் ஆளுநருக்கு 213-ஆம் பிரிவும் தரும் அதிகாரம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வந்தது அதுதான். ‘ஐ’ இல்லாதது பீரங்கி, வெடிமருந்து, படைத் தளவாடம்.

ஆனால் இரண்டும் முன்பு ஒரே சொல். ‘ஒழுங்கு செய்தல், ஏற்பாடு’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல் அது. படைக்கு வேண்டிய ஏற்பாடு என்பது நாளடைவில் பீரங்கியையே குறித்தது. பேச்சில் ‘ஐ’ தேய்ந்து, எழுத்திலும் உதிர்ந்தது. பிரிட்டனின் வரைபடத் துறைக்கு இன்றும் ‘ஆர்ட்னன்ஸ் சர்வே’ என்று பெயர். 1791-இல் படைத் தளவாட வாரியம் தொடங்கிய வேலை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டுக்கும் இதே சொல்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கேள்வி: ‘ப்ரிஸ்கிரைப்’ (prescribe), ‘ப்ரோஸ்கிரைப்’ (proscribe) இரண்டிலும் ‘எழுது’ என்ற வேர் இருக்க, பொருள் எப்படி எதிரானது? (வாசகர், ஈரோடு)

முன்கூட்டி எழுதிக் கொடுப்பது ப்ரிஸ்கிரைப்: இந்த மாத்திரை, இத்தனை வேளை. ஊரறிய எழுதி ஒட்டுவது ப்ரோஸ்கிரைப். கி.மு. 82-இல் ரோமில் சுல்லா என்ற தளபதி தன் எதிரிகளின் பெயர்களைப் பொது இடத்தில் எழுதி வைத்தான். பட்டியலில் உள்ளவரைக் கொன்றால் பரிசு, அவர் சொத்து பறிமுதல். அதிலிருந்துதான் அந்தச் சொல்லுக்குத் தடை, விலக்கு என்ற பொருள் வந்தது. 1928-இல் பாரதியாரின் பாடல் நூல்களை சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்ததே, அப்படித் தடைபட்ட நூல்களை ஆங்கிலத்தில் ‘ப்ரோஸ்கிரைப்டு’ நூல்கள் என்பார்கள்.