கார் ஏசில கேஸ் கம்மியா இருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

ஏசி கேஸ்னா காருக்குள்ள இருக்க சூட்டை வெளிய கொண்டு போற பொருள், நிறைய கார்ல ஆர்-134ஏ. டேஷ்போர்டுக்குள்ள இருக்க கூலிங் காயில்ல அது ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கும், அளவு குறைஞ்சா அந்த இழுப்பும் குறையும், அவ்ளோதான்.

இன்ஜின ஓடவிட்டு ஏசிய ஃபுல்லா வெச்சு கொஞ்ச நேரம் கழிச்சு பானெட்ட தொறங்க, ஏசி பைப் ரெண்டு இருக்கும், தடிச்சது சில்லுனு இருக்கணும், நம்ம ஊரு ஈரக்காத்துல முத்து முத்தா வேர்த்தும் இருக்கும், ஒல்லியானது சூடா இருக்கும் (பட்டுனு புடிச்சிடாதீங்க, பெல்ட், ஃபேன் பக்கம் கையே வேணாம்). தடிச்சது ஜில்லுனே இல்லாம, கம்ப்ரஸரும் (கேஸ அழுத்தி சுத்தவிடுற பம்ப்) டக் டக்னு அடிக்கடி ஆன் ஆஃப் ஆனா கேஸ் கம்மியா இருக்க வாய்ப்பு அதிகம். பைப் ஜாயின்ட்ல எண்ணெய் பிசுக்கும் தெரிஞ்சா லீக் அங்கதான்.

கூலிங் இல்லன்னா எப்பவும் கேஸ்தான் காரணம்னு இல்ல, காத்தே கம்மியா வந்தா கேபின் ஃபில்டர (உள்ள வர்ற காத்த வடிகட்டுறது) பாருங்க. ஓடும்போது ஜில்லுனு இருந்து சிக்னல்ல நின்னா மட்டும் கூலிங் போகுதுன்னா கன்டென்சர் ஃபேன (கேஸோட சூட்டை வெளிய தள்ற ஃபேன்) மொதல்ல செக் பண்ணுங்க.

வருஷா வருஷம் கேஸ் ரொப்பணும்னு சொல்றத நம்பாதீங்க, அது ஓட ஓட தீர்ற பொருள் இல்ல, சட்டுனு குறைஞ்சா எங்கயோ லீக், அத அடைக்காம கேஸ் அடிக்கிறது பஞ்சர் ஒட்டாம டியூப்ல காத்தடிக்கிற மாதிரிதான்.