ஒருவர் கவனக்குறைவாக நடந்தாலே நஷ்டஈடு கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. உங்களிடம் கவனமாக நடக்கும் கடமை அவருக்கு இருந்தது, அதை மீறினார், அந்த மீறலால்தான் உங்களுக்குப் பாதிப்பு வந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

யாரிடம் கடமை? இதில் திருப்பம் தந்தது 1932-ல் பிரிட்டனில் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்ன டானஹியூ எதிர் ஸ்டீவன்சன் தீர்ப்பு. நண்பர் வாங்கித் தந்த ஜிஞ்சர் பீர் பாட்டிலில் அழுகிய நத்தை இருந்ததாக ஒரு பெண் வழக்குப் போட்டார். காசு கொடுத்தவர் அவர் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் குடிப்பவரிடம் தயாரிப்பாளருக்குக் கடமை உண்டு என்றது சபை. எவ்வளவு நியாயமான முடிவு!

அப்புறம், பல வழக்குகள் விழுவது கடைசிப் படியில்தான், அதாவது மீறலால்தான் பாதிப்பு வந்தது என்று காட்டுவதில். மருத்துவர் நோயாளியைப் பார்க்காமலே அனுப்பியது தவறுதான். ஆனால் பார்த்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றால் நஷ்டஈடு கிடைக்காது.