ஃபவுண்டேஷன் போட்டால் முகம் சாம்பலாகத் தெரிகிறதே, ஏன்?

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். மாநிறம். தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். அதற்காக ஃபவுண்டேஷன், காம்பாக்ட், காஜல், லிக்விட் லிப்ஸ்டிக் என்று போனஸ் பணத்தில் 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்றுகூடச் சரியாக அமையவில்லை. ஃபவுண்டேஷன் போட்டால் சாம்பல் பூசினது போல இருக்கிறது. காம்பாக்ட் மூக்கோரத்தில் திட்டுத்திட்டாக நிற்கிறது. காஜல் மதியத்துக்குள் கண்ணுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. லிப்ஸ்டிக் உதட்டை வெடிக்க வைக்கிறது. முகம் கொஞ்சம் வெளுத்தால் எல்லாம் எடுப்பாக இருக்கும் என்று ஃபேன்சி ஸ்டோரில் ஒரு நைட் க்ரீம் கொடுத்தார்கள். மூன்று வாரமாகப் போடுகிறேன், நன்றாகவே வெளுக்கிறது. இன்னும் 1,500 ரூபாய் செலவு செய்யலாம். எதைத் தூக்கிப் போடுவது, எதை வாங்குவது?

பாலக்கோடு வாசகி

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த நைட் க்ரீமிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்ற நான்கிலும் போனது பணம் மட்டும்தான். இதில் போவது தோல்.

அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவரின் முழு முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது, இவ்வளவும் அச்சிட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இங்கே இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவு எண்ணும் வேண்டும். இவை இல்லாத ஒரு க்ரீம் மூன்று வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கிறது என்றால், உள்ளே ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கிறதா என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

லேபிள் இருந்து, அதில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது மேக்கப் சாமான் இல்லை, மருந்து. இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே விதியை இறுக்கிவிட்டார்கள். முதல் மாதம் முகம் பளபளவென்று இருக்கும். அப்புறம் தோல் மெலியும், பருக்கள் கிளம்பும், வெயிலில் போனால் எரியும், சிலருக்குக் கன்னத்தில் முடிகூட வளரும். க்ரீமை நிறுத்தினால் முகம் சிவந்து பொங்கும். அதற்குப் பயந்து மறுபடி போடுவார்கள். இந்தச் சுழலில் மாட்டிய மணப்பெண்கள் எத்தனையோ பேர் மேக்கப் போட்டுக்கொள்ள என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தோலில் எந்த உயர்ந்த ஃபவுண்டேஷனும் உட்காராது.

பாதரசம் இன்னும் மோசம். கண்ணுக்குப் போடுபவை தவிர மற்ற அழகுசாதனங்களில் தவறிக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்கள் பலர் இப்படி வெளுக்க வைக்கும் க்ரீம் பூசியவர்கள் என்று தெரியவந்தது. முகத்தில் பூசுவது முகத்தோடு நிற்பதில்லை.

லேபிளே இல்லாத டப்பா என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு முகம் எரிந்தாலோ பொங்கினாலோ பழையபடி எடுத்துப் பூச வேண்டாம். மேலே சொன்ன ஸ்டீராய்டு பெயர் ஏதாவது எழுதியிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எதுவானாலும் டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவில் காட்டுங்கள். கல்யாணத்துக்கு நாள் இருக்கிறது, தோல் தேறிவிடும்.

சரி, ஃபவுண்டேஷனுக்கு வருவோம். உங்கள் 2,600 ரூபாயில் பெரும்பகுதியைத் தின்றிருப்பது இதுவாகத்தான் இருக்கும். பிராண்டு மோசம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "ஒரு ஷேடு லைட்டா எடுத்துக்கோங்க, பளிச்சுனு இருக்கும்" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் மேக்கப் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

நம் மாநிறத்துக்கு அடியில் மஞ்சளும் கொஞ்சம் பச்சைச் சாயலும் ஓடும். கடைகளில் முன்வரிசையில் இருக்கும் லைட் ஷேடுகள் பலவற்றில் அடியோட்டம் ரோஸ். வெளிர் நிறம் வர அவற்றில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொடியை நிறையச் சேர்ப்பார்கள். பழுப்பின் மேல் வெள்ளை மெல்லிசாகப் படிந்தால் சாம்பல்தானே தெரியும். சாணம் மெழுகின வாசலில் கோலமாவு சிந்தியதை யோசித்துப் பாருங்கள்.

நானும் இதில் அடிபட்டவள்தான். தொழிலுக்கு வந்த புதிதில், பெண் வீட்டார் கேட்டார்களே என்று ஒரு மணப்பெண்ணை இரண்டு ஷேடு தூக்கிவிட்டேன். மண்டபத்து விளக்கில் தேவதை மாதிரி இருந்தாள். ஆல்பம் வந்தபோது முகம் ஒரு ஆளுடையது, தாலிக்குக் குனிந்த கழுத்து வேறு ஆளுடையது. அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியக் கூத்து நடக்குமே, அவர்கள் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அரிதாரம் என்று சொல்கிறோம். அந்தப் பெயருக்கு உரிய மஞ்சள் தாது ஆர்சனிக் சேர்ந்த கந்தகக் கல், விஷம்; அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது நிறத்தை. சிவப்பும் மஞ்சளும் கலந்த அடிப்பூச்சு கறுத்த முகத்தில்தான் எவ்வளவு உயிரோடு எழும்புகிறது! வெறும் வெள்ளை அப்படி எழும்பாது.

வாங்கும் முறையை மாற்றுங்கள். ஓசூரிலோ சேலத்திலோ பூசிப் பார்ப்பதற்கென்று டெஸ்டர் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். கைமணிக்கட்டில் தேய்த்துப் பார்க்காதீர்கள், அது முகத்தின் நிறம் இல்லை. தாடை எலும்பிலிருந்து கழுத்துக்கு இறங்குகிற மாதிரி மூன்று ஷேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கோடு போடுங்கள். கடைக்குள் இருக்கும் விளக்கை நம்பாமல் வெளியே வெயிலுக்கு வந்துவிடுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து மொபைல் கேமராவில் பாருங்கள். இந்த இருபது நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஃபவுண்டேஷனில் இருக்கும் ஈரம் ஆவியாகி, முக எண்ணெய் நிறத்தோடு சேரும்போது ஷேடு ஒரு படி கறுக்கும். கடைசியில் எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. இரண்டுக்கு நடுவில் தடுமாறினால் கறுப்பான பக்கத்தை எடுங்கள்.

பெயர் சொல்லுங்கள் அக்கா என்பீர்கள். மேபெலினின் ஃபிட் மீ மேட் வகையில் நம் நிறத்துக்கு ஷேடுகள் ஓரளவு இருக்கின்றன; ஷேடு எண் 230-இல் தொடங்கி 330 வரை தாடையில் வைத்துப் பாருங்கள். வேறு கம்பெனி ஷேடு இதைவிடப் பொருந்தினால் அதையே எடுங்கள், எனக்குக் கமிஷன் ஒன்றும் வருவதில்லை. சின்ன ட்யூப் போதும். வீட்டில் இருக்கும் பழைய ஃபவுண்டேஷனைத் தூக்கிப் போட வேண்டாம். நிஜ ஷேடு கையில் வந்த பிறகு, அதில் இரண்டு பங்குக்குப் பழையதில் அரைப் பங்கு கலந்து மூக்குத் தண்டிலும் கண்ணுக்கு அடியிலும் மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள். அந்த இடங்கள் கொஞ்சம் எடுப்பாக இருந்தால் அழகுதான். கண்ணுக்குக் கீழே கருவளையம் அதிகம் என்றால், முதலில் கருமையை மட்டுப்படுத்தும் ஆரஞ்சு நிறக் க்ரீமை, கரெக்டர் என்பார்கள், பட்டாணி அளவில் பாதி எடுத்து ஒற்றிவிட்டு மேலே இதைப் போடுங்கள். நீலம் கலந்த கருமையை ஆரஞ்சு அடக்கிவிடும். இல்லாவிட்டால் கறையை மறைக்கும் கன்சீலரை எவ்வளவு பூசினாலும் அங்கேயும் சாம்பல்தான்.

காம்பாக்ட் திட்டாக நிற்பதற்குக் காம்பாக்ட்டைவிட உங்கள் ஹாஸ்டல் குழாயைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும் குளிக்கிறது பெரும்பாலும் போர் தண்ணீரில்தான். இந்தப் பக்கத் தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் ஃபுளோரைடுதான் ஞாபகம் வரும். அது பல்லுக்கும் எலும்புக்கும் கேடு, மேக்கப்புக்கு அதனால் ஒன்றுமில்லை. இங்கே வேலையைக் காட்டுவது கால்சியமும் மெக்னீசியமும். சோப்பு இவற்றோடு சேர்ந்து கரையாத ஒரு படிவாக மாறும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதேதான். அது மூக்கோரத்திலும் புருவ இடுக்கிலும் தங்கும், தோலும் வறண்டு செதில் செதிலாக எழும்பும். அதன் மேல் பவுடர் வைத்தால் அந்தச் செதிலைத்தான் அது பிடிக்கும்.

அதனால் முகத்துக்குச் சோப்பை நிறுத்திவிட்டு, சோப்பு கலக்காத ஃபேஸ் வாஷ் வாங்குங்கள். கடைசியாக அலசும் ஒரு சொம்பு மட்டும் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். கழுவின ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர், பத்து நிமிடம் விட்டு ஃபவுண்டேஷன். பவுடர் நெற்றி, மூக்கு, தாடை நுனியில் மட்டும் போதும். பஃப்பால் தேய்க்காமல் அழுத்தி எடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் திட்டு நின்றால், காம்பாக்ட்டுக்குப் பதிலாக லேசான மஞ்சள் சாயலில் லூஸ் பவுடர் வாங்குங்கள். பனானா பவுடர் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஹெச்டி என்று போட்டு வரும் சுத்த வெள்ளைப் பவுடர் மட்டும் வேண்டாம். அதில் இருக்கும் சிலிக்கா கேமரா ஃப்ளாஷைத் திருப்பி அடிக்கும், போட்டோவில் மூக்கில் விபூதி பூசினது போல வரும். நீங்கள் நாத்தனார், மூன்றாவது முடிச்சு உங்கள் கையில். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு அடுத்தபடி தெரியப்போவது உங்கள் முகம்தான்.

காஜலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெயும் மெழுகும் அதிகமாக இருக்கும் எந்த மையும் இறங்கத்தான் செய்யும். பாட்டி விளக்கெண்ணெய் தீபத்தில் பிடித்த மையும் இறங்கியது, அப்போது யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நிற்க வேண்டும் என்றால் வாட்டர்ப்ரூஃப் காஜல் பென்சில் வாங்குங்கள். லாக்மே ஐகானிக், மேபெலின் கொலோசல் இரண்டும் நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களிலேயே கிடைக்கும். கீழ் இமையை டிஷ்யூவால் ஒற்றிவிட்டுத் துளி பவுடர் தொட்டு, மேல் இமை மயிர்க்கோட்டில் அழுத்தமாகவும் கீழே வெளிப்பாதியில் மட்டும் லேசாகவும் வரையுங்கள். ஒரு நிமிடம் கண்ணைக் கசக்காமல் காய விடுங்கள். முகூர்த்தத்தில் ஹோமப் புகைக்குக் கண்ணில் நீர் வரும், கையால் துடைக்காமல் டிஷ்யூ நுனியால் ஒற்றுங்கள். அப்புறம், பொட்டலத்தில் பெயரில்லாமல் விற்கும் சுருமா வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம்.

லிக்விட் மேட் லிப்ஸ்டிக்கின் குணமே உதட்டின் மேல் ஒரு ஏடு மாதிரிக் காய்வது. ஏசி ஹாலில் நாள் முழுக்க வேலை செய்கிற வறண்ட உதடு அசையும்போது அந்த ஏடு வெடிக்கிறது. ராத்திரி தேங்காய் எண்ணெயால் கரைத்து எடுங்கள், உரித்து எடுக்காதீர்கள். கல்யாணத்துக்குச் சாதாரண க்ரீம் மேட் ஸ்டிக் ஒன்று போதும். செங்கல் நிறம் அல்லது மெரூன் எடுங்கள். நியூடு, அதாவது உதட்டின் இயல்பு நிறம், என்று விற்பதில் நிறையச் சிவந்த தோல்காரர்களின் நியூடு, நமக்கு அது காய்ச்சலில் கிடந்தவர் உதடு. நம் நியூடு பழுப்பில்தான் இருக்கிறது. இருக்கிற லிக்விடை வீணாக்க வேண்டாம், உதட்டு நடுவில் ஒரு பொட்டு வைத்து மேலே மெரூன் ஸ்டிக்கை ஓட்டினால் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் நிற்கும்.

1,500 ரூபாயில் முதலில் ஃபவுண்டேஷன், அடுத்து காஜல், பிறகு லிப்ஸ்டிக். ஃபேஸ் வாஷ் மாதச் செலவில் போகட்டும். பவுடரைக் கடைசியில் வாங்குங்கள், தண்ணீரை மாற்றினாலே பழைய காம்பாக்ட் ஒத்துவந்துவிடலாம். விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்று தெரியாத ஆளிடம் ஆன்லைனில் வாங்க வேண்டாம், போலிச் சரக்கு நிறைய ஓடுகிறது. புதிதாக வாங்கிய எதையும் முதலில் காதுக்குப் பின்னால் தொட்டு இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், கட்டப்போகிற புடவையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு முழு மேக்கப்பும் ஒரு தடவை போடுங்கள். விளக்கை அணைத்து ஃப்ளாஷில் ஒரு படம், காலை வெயிலில் ஒரு படம். இரண்டிலும் முகமும் கழுத்தும் ஒரே ஆளுடையதாகத் தெரிகிறதா என்று உங்கள் அம்மாவிடம் காட்டிக் கேளுங்கள்.