எல்லாருக்கும் ஏன் நீல நிறமே பிடிக்கிறது?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன், 28 பிள்ளைகள். ஜூனில் பள்ளி திறந்ததும் சார்ட் அட்டையில் பூ வெட்டி, இதழுக்கு ஒரு வாக்கியமாகத் தங்களைப் பற்றி எழுதச் சொல்வேன். சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும். ஆனால் எல்லாரும் எழுதுவது ஒன்றேதான்: "எனக்குப் பிடித்த நிறம் நீலம். எனக்குப் பிடித்த பழம் மாம்பழம்." இதையே எழுத்துப் பயிற்சியாக மாற்ற முடியுமா? நான்கு பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறார்கள்.
- தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: பிள்ளைகள் மேல் தப்பில்லை. பிடித்த நிறம் எது என்றால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடுகிறது. இதழிலும் அதற்கு மேல் இடம் கிடையாது. நானும் பல வருடம் இதைத்தான் செய்தேன். ஒருநாள் பெயரை மறைத்துவிட்டு ஒரு பூவைக் காட்டி "இது யாருடையது?" என்று கேட்டேன். எழுதிய பெண்ணுக்கே அடையாளம் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு அளவுகோல் இதுதான்: பெயரை மறைத்தாலும் வகுப்பு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பூவுக்குப் பதில் குட்டிப் புத்தகம் செய்யச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு ஏ4 தாள் போதும், பசை வேண்டாம், ஜிகினா வேண்டவே வேண்டாம். குட்டையான இரண்டு ஓரங்களும் சேரும்படி தாளைப் பாதியாக மடியுங்கள். மறுபடி பாதி, இன்னொரு முறை பாதி. பிரித்தால் எட்டுக் கட்டம் இருக்கும். இப்போது முதல் மடிப்பை மட்டும் மடித்து, மடிப்புள்ள பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் அடுத்த மடிப்புக் கோடு வரை கத்தரியுங்கள். பிரித்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளினால் நடுவில் வாய் பிளந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். சுற்றி மடித்தால் புத்தகம் தயார். அட்டை இரண்டும் போக ஆறு பக்கம். ஒவ்வொன்றும் 7.4க்கு 10.5 சென்டிமீட்டர், மூன்று நான்கு வாக்கியம் பிடிக்கும்.

ஆனால் முதல் நாள் தாளைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். தாள் கைக்கு வந்துவிட்டால் ஸ்கெட்ச் பேனாதான் ஓடும், எழுத்து ஓடாது. முதலில் ரஃப் நோட்டு. கேள்விகள் இப்படி இருக்கட்டும்: உன் பெயரை யார் வைத்தார்கள், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்? பள்ளிக்கு வரும் வழியில் தினமும் பார்ப்பது என்ன? உனக்குச் செய்யத் தெரிந்த ஒரு வேலையை எனக்குச் சொல்லிக்கொடு. நீ பயந்த ஒரு நாள் எது?

"அப்பா என்ன வேலை செய்கிறார்" வேண்டாம். அப்பா இல்லாத பிள்ளை வகுப்பில் இருக்கும். தெருப் பெயரும் வேண்டாம். நம் ஊர்களில் தெருப் பெயர் என்னவெல்லாம் சொல்லிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். பயந்த நாளைப் பற்றி எழுத விருப்பமில்லை என்றால் அந்தப் பக்கத்தில் படம் வரையட்டும்.

எழுத்து வளர்வது இரண்டாம் நாள். பக்கத்தில் இருப்பவர் வாசித்துவிட்டு இரண்டே கேள்வி கேட்க வேண்டும். ஒரு பையன் "எனக்கு தோசை பிடிக்கும்" என்று எழுதியிருந்தான். பக்கத்துப் பெண் கேட்டாள்: "யார் சுடுற தோசை? அதுல எது பிடிக்கும்?" திருத்தி எழுதியது இது: "ஞாயிற்றுக்கிழமை அப்பா தோசை ஊற்றுவார். ஓரம் கருகிவிடும். எனக்கு அந்தக் கருகின ஓரம்தான் வேண்டும்." நான் ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பில் யாரும் அவனுக்கு நீல நிறம் பிடிக்குமா என்று அப்புறம் கேட்கவில்லை.

பிழை திருத்தம் ரஃப் நோட்டோடு நிற்கட்டும். அதிலும் ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழை மட்டும். இந்த முறை ல, ள, ழ என்றால் ஒற்றுப்பிழையைக் கண்டுகொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் சிவப்பு மையில் சுழித்தால் அடுத்த முறை பிள்ளை தெரிந்த சொல்லை மட்டும் எழுதும். மறுபடி மாம்பழம் வந்துவிடும்.

எழுத்துக்கூட்டும் நால்வரும் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். "எங்க ஆயா" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள், "என் பாட்டி" ஆக்காதீர்கள். தான் சொன்ன சொல்லைத்தான் பிள்ளை முதலில் படிக்கும். பிறகு அதைப் பார்த்துத் தன் புத்தகத்தில் எழுதட்டும். பக்கத்துக்கு ஒரு வாக்கியம் போதும்.

மூன்றாம் நாள் மடிப்பும் நல்ல பிரதியும். கத்தரி உங்கள் கையில் இருக்கட்டும், 28 பேருக்கும் வெட்டப் பத்து நிமிடம் ஆகும். நான்காம் நாள் அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசியுங்கள், வகுப்பு ஆளைக் கண்டுபிடிக்கட்டும். அப்புறம் புத்தகங்களைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில்.

ஒரு எச்சரிக்கை. புத்தகத்தைப் பிரித்து, விரித்த தாளில் எழுதவிடாதீர்கள். மேல் வரிசை நான்கு கட்டமும் மடித்த பிறகு தலைகீழாகிவிடும். மடித்ததும் பென்சிலால் பக்க எண் போட்டுவிட்டு, மடித்த நிலையிலேயே எழுதச் சொல்லுங்கள். நான் முதல் வருடம் இதைச் சொல்ல மறந்து, பாதி வகுப்புக்கு இரண்டாவது தாள் கொடுத்தேன்.